மைக்கு அடியில் நாலு வரி

ஆசியா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சோறு தின்பது நின்றபடி, வெற்றிலை போடுவது நடந்தபடி. மகள் ஹைருனுக்குத் தலை வாரும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்தே இருக்கும். "ஒனக்கு என்னட்டி, காலுக்கடியில கங்கு கெடக்கா?" என்று கேட்பான் புருஷன் ஒலி முகம்மது. அவன் கேட்டு முடிக்குமுன் அவள் அடுத்த அறையில் இருப்பாள்.

அவளை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தது இருட்டறை ஒன்றுதான்.

தென்காசியில், ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில், முன்கட்டு ஸ்டுடியோ, பின்கட்டு வீடு. இரண்டுக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை. சாரல் மாதங்களில் ஒலி முகம்மது குற்றாலத்தில் அருவிக்கரையில் நிற்பான். குளிக்க வந்தவர்களைப் படமெடுத்து, பிலிமை மத்தியானப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான். ஆசியா கழுவிப் பிரின்ட் போட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் ஏற்றுவாள். அவள் விரல்களில் டெவலப்பரின் பழுப்புக் கறை உண்டு. அவள் இறந்தபின் குளிப்பாட்டிய பெண்கள் அதைத் தேய்த்துப் பார்த்தார்கள். போகவில்லை.

தெருப் பெண்கள் படமெடுத்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வந்தது அவளை நம்பித்தான். கொழும்புக்கும் பினாங்குக்கும் போன ஆண்கள் மனைவிமாரைக் கூப்பிட்டுக்கொள்ள பாஸ்போர்ட் படம் வேண்டும். எடுப்பதும் கழுவுவதும் ஆசியா. அந்த வீட்டில் ஒரு விதி இருந்தது. பிரின்டோடு நெகட்டிவையும் கையில் கொடுத்துவிட வேண்டும். முகம் யாருடையதோ, பிலிமும் அவர்களுடையது. ஒரு பெண்ணின் நெகட்டிவ்கூட ஸ்டுடியோவில் தங்கியதில்லை.

அவள் ஓரிடத்தில் நிற்காததற்கு ஊர் பல காரணம் சொன்னது. உண்மைக் காரணம் தகரப் பெட்டியின் அடியில் நாலாக மடித்துக் கிடந்தது.

அது தம்பி பரீது எழுதிய ஒரே கடிதம்.

அவர்கள் வாப்பா முகம்மது கனி தறிக்காரர். மகனும் தறியில் உட்கார வேண்டும் என்றார். பரீதுக்கு ஆகவில்லை. 1953இல், தனுஷ்கோடி பக்கமிருந்து கள்ளத்தோணியில் சிலோனுக்குப் போக ஆள் பார்த்து வைத்திருந்தான். அதை அக்காவிடம் மட்டும் சொன்னான். "ராத்தா, வாப்பாகிட்ட சொல்லிராத." ஆசியா சொல்லிவிட்டாள். கடலில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். வாப்பா அவனைத் தறிக்குழியிலிருந்து இழுத்துத் தெருவில் வைத்து அடித்தார். எட்டாம் நாள் அவன் போய்விட்டான். போகும்போது அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. வாப்பா பேருக்கு வந்தது. அவர் படித்து, ஒரு வாரம் வைத்திருந்து, அவளிடம் கொடுத்தார். உறை இல்லை. ஒரு கடைத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தான். தாளின் தலைப்பில் ஒரு பட்டை மை. நடுவில் நாலு வரி மீது பட்டை பட்டையாக மை. மீதியில் சுகம், மழை, மீன் விலை. 'ராத்தாவுக்குச் சொல்லவும்' என்று ஒரு வரி தொடங்கி, அங்கேயிருந்து மைக்குள் போய்விட்டது.

"அதுல என்ன வாப்பா எழுதியிருந்தான்?"

"ஒனக்கு வேண்டாதது."

1959இல் வாப்பா மௌத்தானார். கடைசி மூன்று நாளும் ஆசியா அவர் தலைமாட்டில் நின்றாள். அவர் சொல்லவில்லை, அவளுக்கும் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது கடிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். விரலால் தடவிப் பார்ப்பாள். 'என்னைக் காட்டிக் கொடுத்தவள் முகத்தில் முழிக்க மாட்டேன்' என்று எழுதியிருப்பான். வேறென்ன எழுதியிருப்பான்? அப்படி இருந்தாலும் சரி, அவன் கையால் எழுதியதைக் கண்ணால் படித்துவிட வேண்டும். படித்துவிட்டால் கால் நிற்கும் என்று நினைத்தாள்.

1962 ஜூன் மாதம் கைலாசம் வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்துபவர். முப்பது வயதிருக்கும். வருஷா வருஷம் குற்றால மலையில் செடி பறிக்க வருவார், ஒலி முகம்மதுதான் படமெடுத்துக் கொடுப்பான். இந்த முறை அவர் கையில் ஐஸ் போட்ட தூக்குவாளி. அதற்குள் ஒரு தகரப் பெட்டி.

"என்ன சார் இது? பிலிமா, சேமியா ஐஸா?"

"சூடு ஆகாது அண்ணாச்சி. ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் குடுத்துட்டுப் போனாரு. அரை பிளேட் அளவுல எட்டு ஷீட். இன்ஃப்ரா ரெட். நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த வாங்கும். பச்சை இலை வெள்ளையா விழும். வானம் கறுப்பா விழும்."

"கறுத்த மாப்பிள்ளை?"

"வெளுத்து விழுவாரு."

"அப்ப ஊர்ல பாதிக் கல்யாணத்த நாம முடிச்சிரலாமே!"

"உதடும் சேர்ந்து வெளுத்துரும் அண்ணாச்சி. பொண்ணு பேய்னு ஓடிரும்."

கதவுக்குப் பின்னால் ஆசியாவின் நடை கேட்டுக்கொண்டே இருந்தது. அந்நிய ஆண்கள் முன் அவள் வரமாட்டாள். எல்லாவற்றையும் அங்கிருந்தே கேட்டுக்கொள்வாள்.

"போலீஸ்லயும் இத வச்சிருக்காங்களாம்," என்றார் கைலாசம். "மையடிச்சு மறைச்ச எழுத்தக்கூட இதுல படிச்சிருதாங்க."

நடை நின்றது.

இரண்டு நாள் கழித்து ஆண்கள் இருவரும் செண்பகா அருவிக்கு மேலே ஏறினார்கள். கைலாசம் லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி மாட்டினார். கையில் வைத்துப் பார்த்தால் கறுப்பு. சூரியனுக்கு நேரே பிடித்தால் அடர் சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது நிறுத்திவிடும், மற்றதை விடும். பாறை மேல் காமிராவை ஊன்றி நாலு ஷீட் எடுத்தார்கள்.

ஆசியா சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு பொட்டு வெளிச்சமில்லாமல் கழுவினாள். நாலும் சாம்பல். மலையும் இல்லை, மரமும் இல்லை. புகை மட்டும்.

"கழுவினதுல ஏதோ தப்பு," என்றான் ஒலி முகம்மது.

"எடுத்ததுல தப்பு."

"நான் இருபது வருசமா எடுக்கேன்."

"நான் அதுல பன்னெண்டு வருசமாக் கழுவுதேன். எல்லாம் நீங்க எடுத்ததுதான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மீதி இருப்பது நாலு ஷீட். அவையும் இப்படியே போனால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாது. அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே நாலு நெகட்டிவையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஓரத்தில் ஒரு கோடு இருந்தது. நாலிலும், ஒரே இடத்தில். அரை அங்குல அகலத்துக்குக் கண்ணாடி போலத் தெளிவு.

பிலிமை அடைத்துக் கொண்டுபோகும் மரச் சட்டத்தை எடுத்து வந்து மேலே வைத்துப் பார்த்தாள். சட்டத்தின் கறுப்பு மூடி எபனைட், கெட்டி ரப்பர். அதன் ஓரத்தில் ஒரு பித்தளைப் பட்டை. பட்டை இருந்த இடத்தில் மட்டும்தான் தெளிவு. மூடியைச் சூரியனுக்குப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பிலிமுக்கு அது மூடியே இல்லை. பாறை மேல் வெயிலில் கிடந்த நேரமெல்லாம் உள்ளே வெளிச்சம் போயிருக்கிறது.

"ஏங்க, டீக்கடை பெட்டி ஒண்ணு வேணும். செங்கோட்டைப் பக்கத்து எஸ்டேட்டுலேர்ந்து தேயிலை வருதுல்லா, அது. உள்ள ஈயத்தாள் ஒட்டியிருக்கும்."

"எதுக்கு?"

"சட்டத்துக்குத் துப்பட்டி போட."

ஈயத்தாளை வெட்டி மூடியின் இரு பக்கமும் ஒட்டினாள். கொண்டுபோகும்போது வெளிச்சம் படாமலிருக்கச் சட்டத்தை முழுதாகச் சுற்ற ஓர் உறையும் செய்தாள். அடுத்த வாரம் இலஞ்சித் தோப்பிலிருந்து மலையைப் பார்த்து மூன்று ஷீட் எடுத்தார்கள். மூன்றும் விழுந்தன. தென்னை ஓலையெல்லாம் வெள்ளை. மலைச் சரிவு முழுக்க வெள்ளை. வயலில் தேங்கிய தண்ணீர் கறுப்பு. புகைமூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத மேல்முகட்டுப் பாறைகூடத் தனியாக நின்றது.

"தென்னைக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்கே!" என்றான் ஒலி முகம்மது. கைலாசம் பிரின்டைக் கீழே வைக்கவேயில்லை.

"அண்ணாச்சி, இத யார் கண்டுபிடிச்சது? ஈயத்தாளு?"

"உள்ள நிக்கா."

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கைலாசம் வந்துபோன ஐந்து வருஷத்தில் முதல் முறையாக, நேராக.

"மிச்சம் ஒரு ஷீட்டு இருக்குல்லா. அது எனக்கு வேணும்."

ஒலி முகம்மது கதவைப் பார்த்தான். கைலாசம் தரையைப் பார்த்தார்.

"எடுத்துக்கிடுங்க அக்கா. எதுக்குன்னு கேக்கலாமா?"

"மை பூசின எழுத்தப் படிக்க."

"பூசினது என்ன மை? கரி மைன்னா அப்படியே கறுப்பா நிக்கும், ஒண்ணும் தெரியாது."

"பள்ளிக்கூடத்து மை. வில்லையைக் கரைச்சுச் செய்யுத நீல மை. எங்க வாப்பா வேற வாங்கினதில்ல."

"அப்ப அது மறைஞ்சிரும். அடியில இருக்கது?"

"பென்சில்."

"பென்சில்னா கரிதான். நல்லா நிக்கும். தாளக் காட்டினா இன்னும் சரியாச் சொல்லிருவேன்."

கதவுக்குப் பின்னால் நடை மறுபடி தொடங்கியது. தம்பி திட்டியிருக்கும் தாளை அந்நியரிடம் எப்படிக் காட்டுவது? கைலாசமும் வற்புறுத்தவில்லை. சிவப்புக் கண்ணாடியை ஸ்டூலின் மேல் வைத்தார். "கண்ணுக்குச் சரியா ஃபோகஸ் வச்சிட்டு, லென்ஸை ஒரு தீக்குச்சித் தடிமன் முன்னால தள்ளிருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் ஒலி முகம்மது கேட்டான்: "பரீது லெட்டரா?"

"ஆமா."

"விட்டுத் தொலையேன்ட்டி. ஏழு வருசம் ஆச்சு."

"ஒங்களுக்கு ஏழு வருசம்."

அவள் அவசரப்படவில்லை. அவள் வாழ்க்கையில் அவசரப்படாமல் செய்த காரியங்கள் எல்லாம் அந்த அறைக்குள் நடந்தவைதான். இருட்டில் கத்தரியால் ஷீட்டைச் சரிபாதியாக வெட்டினாள். ஒரு பாதி சோதனைக்கு, ஒரு பாதி கடிதத்துக்கு. ஹைருனின் பள்ளிக்கூடப் பென்சிலை வாங்கி ஒரு தாளில் 'பிஸ்மில்லாஹ்' என்று எழுதினாள். வாப்பாவின் பழைய மை வில்லையில் ஒன்று தகரப் பெட்டியில் கிடந்தது. கரைத்து மேலே பூசிக் காயவைத்தாள். எழுத்து முழுதும் மறைந்தது.

வெளிச்சத்துக்கு இரண்டு நூறு வாட் பல்பு. அதிலும் ஒரு சிக்கல். பக்கத்துத் தெரு மாவு மில் ஓடும்போது பல்பு மங்கி மங்கி எரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காக மில் பன்னிரண்டரைக்கு நிற்கும். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். தெரு காலி. மறுபடி மில் ஓட ஒன்றரை மணி நேரம் ஆகும். சோதனைக்கு ஒரு வெள்ளி. கடிதத்துக்கு அடுத்த வெள்ளி.

முதல் வெள்ளி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஐந்து, பத்து, இருபது, நாற்பது நொடி என்று நாலு பட்டையாக வெளிச்சம் கொடுத்தாள். கழுவினாள். இருபது நொடிப் பட்டையில் மை இல்லை. தாள் வெறிச்சென்று இருக்க, ஹைருனின் பென்சில் எழுத்து பளிச்சென்று நின்றது.

அந்த வாரம் அவள் வீட்டில் நடந்த நடைக்குத் தென்காசியிலிருந்து ஆய்க்குடி போய் வந்திருக்கலாம். பாலைப் பொங்கவிட்டாள். குற்றாலத்துப் பஸ்ஸில் வந்த பிலிமில் ஒன்றை, டெவலப்பருக்குப் பிறகு போட வேண்டிய ஹைப்போவில் முதலில் முக்கிக் கெடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. ஆய்க்குடியிலிருந்து வந்து குளித்துப்போன ஒரு குடும்பத்துக்குப் படம் இல்லை என்று ஒலி முகம்மது கையைப் பிசைந்தான். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் வெள்ளி. ஜூலை பதின்மூன்று. மில் நின்றது. பாங்கு முடிந்தது. ஆசியா கடிதத்தைப் பலகையில் நாலு ஊசி குத்தி நிறுத்தினாள். தலைப்பு முதல் கையெழுத்து வரை முழுத் தாளும் அடங்க காமிராவை வைத்தாள். லென்ஸைத் தீக்குச்சித் தடிமன் தள்ளினாள். சிவப்புக் கண்ணாடி. மூடியை இழுத்தாள். இருபது என்று வாய்க்குள் எண்ணினாள். மூடினாள்.

இருட்டில் டெவலப்பர் தட்டை ஆட்டிக்கொண்டு நின்றபோது அவளுக்கு ஒரு விஷயம் தோன்றியது. ஹைருனின் பென்சில் கறுப்பு. தம்பியின் பென்சில் ஊதா.

கை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

நாக்கில் தொட்டு எழுதும் ஊதாப் பென்சில், கரி இல்லாத சாயம். கடைக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பது அதுதான், காதில் செருகியிருப்பார்கள். ஊரில் அதையும் பென்சில் என்றுதான் சொல்வார்கள். கடிதத்தில் அவள் கண்ணீர் பட்ட இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகச் சாயம் பரவியிருந்தது. கரி என்றால் எங்கே பரவும்? சாயம் மையைப் போலவே மறைந்துவிடும். ஏழு வருஷம் கண்ணால் பார்த்தவள். கைலாசத்திடம் தாளைக் காட்டியிருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். சோதனையில் பிழை இல்லை. சோதித்த பென்சில் வேறு.

ஹைப்போவில் போட்டு, நேரம் விட்டு, விளக்கைப் போட்டாள். நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தாள்.

கடிதம் இல்லை. மையும் போய், எழுத்தும் போய், சுகமும் மழையும் மீன் விலையும் எல்லாம் போய், வெறும் தாள். 'ராத்தாவுக்குச் சொல்லவும்' கூட இல்லை. நாலு மூலையில் ஊசித் தலைகள்.

கீழே வைக்கப்போனவள் நிறுத்தினாள். தலைப்பில் என்னவோ இருந்தது.

கடிதத்தின் தலைப்பில் ஒரு பட்டை மை உண்டல்லவா? அதை அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. கவனமெல்லாம் நாலு வரியில். அங்கே, கறுத்த நெகட்டிவில் கண்ணாடி போல, அச்சு எழுத்துகள் திரும்பி நின்றன. அச்சு மை கரி. அது நிற்கும். பிலிமைத் திருப்பினாள். படித்தாள்.

நூரியா ஸ்டோர்ஸ், ஜவுளி வியாபாரம், இரண்டாம் குறுக்குத் தெரு, கொழும்பு.

பிலிமைக் காயவிடாமல் ஈரத்தோடு வெளியே ஓடிவந்தாள். அப்போதுதான் ஒலி முகம்மது தொப்பியோடு உள்ளே வந்தான்.

"விழுந்துச்சா?"

"நாலு வரி விழல. இனி விழாது."

"பொறவு ஏன்ட்டி இந்த ஓட்டம்?"

நெகட்டிவை அவன் கையில் கொடுத்தாள். அவன் வெயிலில் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"உங்க வாப்பா திட்டுனத மறைக்கல," என்றான். "இருக்க எடத்த மறைச்சிருக்காரு. பய கள்ளத்தோணில போனவன். நீ எழுதி, அது எவன் கைலயாவது சிக்கி, போலீசு வந்து நின்னா?"

"நாலு வரியையும் சேத்துல்லா மறைச்சாரு."



அன்று சாயங்காலம் அவள் கடிதம் எழுதினாள். ஒலி முகம்மது பேனாவை நீட்டினான். அதை நகர்த்திவிட்டு ஹைருனின் பையிலிருந்து கறுப்புப் பென்சிலை எடுத்தாள்.

"பேனாவுல எழுதினா என்ன?"

"இது மேல எவன் எந்த மைய ஊத்தினாலும் படிச்சிரலாம். கரிமை கையில வச்சிருக்கவன் இந்த ஊர்ல யாரு இருக்கா?"

எழுதியது கொஞ்சம்தான். வாப்பா மௌத். நான் சொன்னது தப்பு. அந்த நாலு வரியில் என்ன எழுதியிருந்தாய்? உறையில் போடும்போது நெகட்டிவையும் சேர்த்து வைத்தாள். ஒரு பிரின்ட்டாவது போட்டுக்கொள் என்றான் ஒலி முகம்மது. விலாசத்தைத் தாளில் எழுதிக்கொண்டாயிற்று, பிலிம் தம்பியுடையது என்றாள். யாருடையதோ அவர்களிடம் போக வேண்டும். அந்த வீட்டு விதி.

முப்பத்தேழு நாள். தபால்காரர் நல்லதம்பி தெருமுனையில் திரும்பும்போதே அவள் வாசல் கதவுக்குப் பின்னால் நிற்பாள். "இன்னைக்கும் இல்லம்மா" என்பதை அவர் தூரத்திலேயே கையால் சொல்லிவிடுவார். முப்பத்தெட்டாம் நாள் கையை ஆட்டவில்லை. சைக்கிளை மிதித்து வந்தார்.

ஆசியா உறையை வாங்கினாள். நடுக்கட்டில், இருட்டறை வாசலில், தரையில் உட்கார்ந்தாள். ஹைருன் அதைப் பார்த்துப் பயந்து வாப்பாவைக் கூப்பிட ஓடினாள்.

பரீதுதான் எழுதியிருந்தான். கடை அதே கடை. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பேர் ஆசியா. வாப்பாவுக்காக மூன்று நாள் கடைக்குப் போகவில்லை. தாளை மூடிவிட்டு யோசித்துப் பார்த்தேன் ராத்தா, அந்த நாலு வரி எனக்கு ஞாபகம் இல்லை. மீன் விலையைப் பற்றியே இன்னும் கொஞ்சம் எழுதியிருப்பேன். வாப்பா எதுக்கு மறைத்தார்களோ. நீ அனுப்பிய பிலிமைப் பிள்ளைகள் வெயிலில் பிடித்து விளையாடுகிறார்கள்.

இரண்டு தடவை படித்தாள். ஒலி முகம்மது வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஞாபகம் இல்லங்கான்."

"நல்லதா போச்சு."

"மறந்திருப்பானா? இல்ல, மறைக்கானா?"

"எட்டி, மூத்தவளுக்கு ஒம் பேர வச்சிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

அவள் தலையை ஆட்டினாள். தாளை மறுபடி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பழைய வழக்கம். இந்தத் தாளில் மை ஒன்றும் இல்லை. எழுத்து முழுக்க ஊதா.

எழுந்தாள். ஹைருனின் பையைத் தேடிப் போனாள். பென்சிலைச் சீவிக்கொண்டே வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தாள். நின்றபடியே, ஜன்னல் கட்டையில் தாளை வைத்து முதல் வரியை எழுதினாள்.

'தம்பிக்கு, இனிமேல் கறுப்புப் பென்சிலில் எழுது.'